ஈரத்தோடு மடித்த துண்டு

ஜனவரி 19

கர்த்தருக்குள் அன்பான அண்ணிக்கு,

சின்னவளின் ஸ்தோத்திரம். இங்கே நானும் வீட்டுக்காரரும் கிருபையால் சுகம். என் இடது முழங்கால் மட்டும் கிருபைக்குக் கட்டுப்படாமல் தனிக்கட்சி நடத்துகிறது. உங்கள் உடம்புக்கும், சர்க்கரைக்கும், படியேறும்போது வரும் மூச்சிரைப்புக்கும் தனித்தனியாகப் பதில் வர வேண்டும். மொத்தமாக ‘நலம்’ என்று எழுதி என்னை ஏமாற்றக் கூடாது.

போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் நான் அரைமணி நேரம் பேசினால் நீங்கள் “ம்” என்கிறீர்கள். அண்ணன் போன பிறகு அந்த “ம்” கூட இளைத்துவிட்டது. கடிதத்தில் அந்தப் பருப்பு வேகாது. ஒரேயொரு “ம்” எழுதி, உறையில் போட்டு, தபால்தலை ஒட்டி அனுப்ப யாருக்கும் மனசு வராது. அந்தத் தைரியத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் செய்தி. ஹோட்டல் லினன் ரூமில் என்னை மேற்பார்வையாளர் ஆக்கிவிட்டார்கள். பெரிதாக நினைத்துவிட வேண்டாம். முன்பு விரிப்பையும் டவலையும் நான் மடித்தேன். இப்போது மற்றவர்கள் மடிப்பதைப் பார்த்து முகம் சுளிக்கிறேன், அவ்வளவுதான். புதுமணத் தம்பதி வந்தால் மட்டும் இன்னும் நானேதான் போக வேண்டும். கட்டில் மேல் டவலால் இரண்டு அன்னப்பறவை செய்து, கழுத்தும் கழுத்தும் இழைய நிறுத்தி வைக்கிறேன். ஊரார் காதலுக்கெல்லாம் அன்னம் செய்த கை இது. வீட்டுக்காரருக்கு இதுவரை ஒரு கோழிக்குஞ்சுகூடச் செய்து வைத்ததில்லை.

இரண்டாவது செய்தி. இந்த வருஷம் ஈஸ்டர் அதிகாலை ஆராதனையைத் தேவாலய மைதானத்தில் வைக்கிறார்கள். கல்லறை ஒன்று செய்து நிறுத்தி, உயிர்த்தெழுந்த காலையை நடித்துக் காட்டப்போகிறார்களாம். கமிட்டியில் ‘துணி விஷயமெல்லாம் ஹோட்டல்கார அம்மா பார்த்துப்பாங்க’ என்று ஒரே குரலில் தள்ளிவிட்டார்கள். ஆண்டவரின் தலையில் சுற்றியிருந்த துணி மற்றத் துணிகளோடு கிடக்காமல், தனியாக, ஒழுங்காக ஓர் இடத்தில் இருந்தது என்று படிக்கிறோமே. அதை எப்படி மடித்து வைக்கட்டும்? நம் குடும்பத்திலேயே மடிப்புக்கு நீங்கள்தான் ராணி. சொல்லுங்கள்.

இன்னொன்று. கேட்கவில்லை, சும்மா எழுதுகிறேன். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது பார்த்தேன். அண்ணனின் துணிமணியைப் போட்டு ஆஸ்பத்திரியில் கொடுத்த பை, போட்ட முடிச்சு போட்டபடி பீரோ மேலேயே இருக்கிறது. நீங்கள் ஒட்டடை அடிக்கும்போது அதைச் சுற்றி அடித்தீர்கள்.

உங்கள் சுகத்துக்காக ஜெபித்துக்கொண்டும், தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்துக்கொண்டும் இருக்கும்,
சின்னவள்
(ஐம்பத்திரண்டு வயதிலும் இதே பெயர்தான். எனக்குக் கீழே யாரும் பிறக்காமல் சதி செய்துவிட்டார்கள்.)


பிப்ரவரி 6

அன்புள்ள சின்னவளுக்கு,

அண்ணியின் ஆசீர்வாதம். நலம். நீ பிரித்துக் கேட்டதால் பிரித்து எழுதுகிறேன். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மூச்சிரைப்பு இரண்டாவது மாடியில்தான் தொடங்கும். நான் இருப்பது முதல் மாடி. உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. உன் வீட்டுக்காரருக்கு என் அன்பைச் சொல்.

கண்ணாடிக் கடையில் வேலை எப்போதும்போல. லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் உட்காரவைக்கிறேன். போன வாரம் கண்புரை ஆபரேஷன் முடிந்த பெரியவர் ஒருவர் மனைவியோடு வந்தார். கண்ணாடியை மாட்டிவிட்டதும் அந்த அம்மாவைத்தான் முதலில் பார்த்தார். “உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சுது?” என்றார். “நீங்க பார்க்காதப்பதான்” என்றாள் அவள். பிறகு அவர் வாசலுக்குப் போய் எதிரே நிற்கும் மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். “இலையெல்லாம் தனித்தனியா இருக்கே” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. கடையில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு அவரையே பார்த்தோம்.

மடிப்பு கேட்டிருந்தாய். நீளவாக்கில் மூன்று, குறுக்கே இரண்டு, பிசிர் ஓரம் உள்ளே போக வேண்டும். நாங்கள் முதலில் குடியிருந்த அறையின் சுவர் அலமாரி ஒரு சாண் அகலம்தான். அதற்காக நானே கண்டுபிடித்தது. வேறு வீட்டில் யாரும் இப்படி மடித்துப் பார்த்ததில்லை. ஒன்று முக்கியம். நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தோடு மடித்தால் பூசணம் பிடிக்கும்.

உன் அண்ணனுக்கு இது கடைசிவரை வரவில்லை. பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வந்து குளித்தால் ஈரத்துண்டு கட்டில் மேல். கல்யாணமான நாள்முதல் சொல்லியிருக்கிறேன். “மடிக்கத்தான் நீ இருக்கியே” என்பார்.

தேவாலய விஷயம் எனக்கு இப்போது தெரியாது. போதகரைக் கேட்டுக்கொள்.

வேளைக்குச் சாப்பிடு.
அண்ணி


பிப்ரவரி 23

கர்த்தருக்குள் அன்பான அண்ணிக்கு,

ஸ்தோத்திரம். ஒத்தடம் கொடுத்தேன். முழங்கால் கொஞ்சம் இரங்கியது. வீட்டுக்காரர் நலம். கோழிக்குஞ்சு விஷயத்தை உங்களுக்கு எழுதியது தெரிந்து இரண்டு நாளாக முறுக்கிக்கொண்டு திரிகிறார். உங்கள் சுகத்தை அறிய ஆவல். மாடியை ஒரேயடியாக ஏறாமல் நின்று நின்று ஏறுங்கள்.

அண்ணி, நான் மானம் போய் நிற்கிறேன். நேற்று கல்லறையை நிறுத்திப் பார்த்தார்கள். கல்லறை என்றால், மின்சாதனக் கடைக்காரர் கொடுத்த இரண்டு ஃப்ரிட்ஜ் அட்டைப்பெட்டி. வெளியே சாம்பல் நிறம் அடித்தாயிற்று. உள்ளே அடிக்கப் பெயின்ட் போதவில்லை. அதனால் உள்சுவரில் ‘இந்தப் பக்கம் மேலே’ என்று அம்புக்குறியோடு அச்சடித்தது அப்படியே தெரிகிறது. கமிட்டி அதை அழிக்கச் சொல்கிறது. போதகர் மட்டும், கல்லறைக்குள் எழுத இதைவிடப் பொருத்தமான வாசகம் உண்டா, இருக்கட்டும் என்கிறார்.

என்னை உள்ளே அனுப்பித் துணியை வைக்கச் சொன்னார்கள். வெளியே பாடகர் குழுத் தலைவி (நாங்கள் வைத்திருக்கும் பெயர் சைரன்) தன் பாட்டை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தில் என் புத்தி எங்கேயோ போய்விட்டது. கை மட்டும் அதன் பாட்டுக்கு வேலை செய்தது. வெளியே வந்து, “வெச்சாச்சு ஐயா” என்றேன். போதகர் குனிந்து உள்ளே பார்த்தார். வெகுநேரம் நிமிரவே இல்லை. எனக்கு ஒரே பெருமை. சைரன் அவரைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்து, “என்னம்மா இது, வாத்தா?” என்றாள்.

அன்னம், அண்ணி. ஆண்டவரின் கல்லறையில், கழுத்தை வளைத்துக்கொண்டு, புதுமணத் தம்பதிக்குக் காத்திருப்பதுபோல ஒரு அன்னம். கமிட்டி முழுவதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. போதகர் நிமிராததும் அதனால்தான். தோள் குலுங்கியதை நான் பக்தி என்று நினைத்துவிட்டேன்.

இத்தோடு நின்றிருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். வெட்கம் தாங்காமல் இன்று லினன் ரூமில் வெள்ளை அடுக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து வேதத்தில் உயிர்த்தெழுந்த அதிகாரத்தை மறுபடி படித்தேன். சிறு வயதிலிருந்து கேட்ட கதை. கல் புரண்டது தெரியும், தூதன் வந்தது தெரியும். துணியைப் பற்றி இதுவரை நான் யோசித்ததே இல்லை. துணியே என் பிழைப்பாக இருந்தும்.

என் வேலையில் ஒரு வித்தை உண்டு. காலியான கட்டிலைப் பார்த்தால் அதில் படுத்திருந்தவர் எப்படிப் போனார் என்று சொல்லிவிடுவேன். சண்டை போட்டவர்களின் தலையணைகள் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கும். ரயிலுக்கு ஓடியவரின் போர்வை பாதி தரையில் இருக்கும். வேதனையோடு கிடந்தவரின் விரிப்பில், ஓரத்தை இறுகப் பிடித்த இடம் கசங்கியே இருக்கும். எத்தனை தடவை தேய்த்தாலும் அந்தச் சுருக்கம் சீக்கிரம் போகாது.

அதே கண்ணோடு இந்தக் கல்லறையைப் பார்த்தேன். யாராவது தூக்கிக்கொண்டு போயிருந்தால் துணியோடு சுருட்டிக்கொண்டு போயிருப்பார்கள். பயந்து ஓடியவர் என்றால் துணி வாசல்வரை இழுபட்டிருக்கும். இவர் சாவிலிருந்து எழுந்திருக்கிறார். வெளியே உலகமே காத்திருக்கிறது. நானாக இருந்தால் அலறிக்கொண்டு ஓடியிருப்பேன். இவரோ தலைத்துணியை அவிழ்த்து, நிதானமாக ஒழுங்குபடுத்தி, ஓரமாக வைத்துவிட்டு, அதற்குப் பிறகு வெளியே போயிருக்கிறார். காலையில் எழுந்து போர்வையைக்கூட மடிக்காத ஜென்மம் நான். கல் புரண்டதைவிட எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது. அந்த அவசரமில்லாமை. மரணத்தை அவர் அவ்வளவு சாதாரணமாக முடித்துவிட்டு எழுந்திருக்கிறார்.

என் கையில் ஒரு தலையணை உறை இருந்தது. அதைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை, மடிக்கவும் தோன்றவில்லை. சலவைக்கார அண்ணன் வந்து, உடம்புக்கு முடியலையா என்று கேட்டார்.

அந்த ஆச்சரியத்தை உங்களிடம்தான் சொல்லத் தோன்றியது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்னப்பறவைப் புகழ்,
சின்னவள்


மார்ச் 17

கர்த்தருக்குள் அன்பான அண்ணிக்கு,

ஸ்தோத்திரம். நாங்கள் நலம். நீங்கள் நலமா என்பதை இந்தத் தடவை மெய்யாகவே கேட்கிறேன்.

என் கடிதம் வந்ததா? லெந்து தவக்காலம் தொடங்கியும் உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. போனில் நேற்றும் “ம்”தான். தபால்காரரிடம் கேட்டேன். அவர் நம் சபைக்காரர். நாடகத்தில் தூதனும் அவர்தான். “நான் என்னம்மா ஒளிச்சு வெச்சிருக்கேனா?” என்று கோபித்துக்கொண்டார்.

அன்னத்தைப் பற்றி எழுதியது பிடிக்கவில்லையா? அல்லது கட்டில்களைப் பற்றி எழுதியதா? எழுதிப் போட்டபின் ராத்திரி படுத்தபோதுதான் உறைத்தது. ஆஸ்பத்திரியிலும் கட்டில்தான். என் வாய்க்கும் பேனாவுக்கும் ஒரே பூட்டைப் போட வேண்டும் என்று அண்ணன் சொல்வாரே, சரிதான்.

திட்டியாவது எழுதுங்கள். சர்க்கரை மாத்திரையை மறக்க வேண்டாம்.
சின்னவள்


மார்ச் 26

அன்புள்ள சின்னவளுக்கு,

ஆசீர்வாதம். உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கடிதம் வந்தது. பல தடவை படித்தேன். கோபமில்லை.

போன ஈஸ்டருக்கு நீ இங்கே வந்திருந்தாய். ஆராதனையில் நான் பாதியில் எழுந்து வெளியே போனேன். நீ பின்னாலேயே ஓடி வந்து விசிறினாய். மயக்கம் என்று எல்லோரிடமும் சொன்னாய். நானும் ஆமாம் என்றேன். மயக்கம் இல்லை. அதற்குப் பிறகு நான் தேவாலயத்துக்குப் போகவில்லை.

அதற்கு முன்னால், ஆஸ்பத்திரியில் அவர் போன அன்று, விடியும்போது அவருக்குக் காய்ச்சல் கொதித்தது. அந்த நீலத்துண்டு, பஸ் ஓட்டும்போது கழுத்தில் போட்டிருப்பாரே, அதை நனைத்துத் தலையைச் சுற்றிக் கட்டிவிட்டேன். “வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வந்துடறேன்” என்றேன். கண்ணைத் திறக்காமலே “மெதுவா வா” என்றார். நான் திரும்பி வந்தபோது கட்டில் காலி. விரிப்பைக்கூட உருவிவிட்டார்கள். அந்த நர்ஸ் பெண் நல்ல பெண். என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவர் இங்க இல்லம்மா” என்றாள்.

தேவாலயத்தில் தூதன் சொல்வதும் அதே வார்த்தை. அங்கே அதைச் சந்தோஷமாகச் சொல்கிறார்கள்.

தூக்கத்திலேயே போய்விட்டார் என்று சொன்னார்கள். எல்லோரிடமும் அப்படித்தானே சொல்வார்கள். கண்ணைத் திறந்து என்னைத் தேடினாரா, கூப்பிட்டாரா, பயந்தாரா, எதுவும் எனக்குத் தெரியாது. நீ கட்டிலைப் பார்த்துச் சொல்லும் வித்தை வைத்திருக்கிறாய். எனக்குப் பார்ப்பதற்கு ஒரு கட்டிலைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

பையைப் பற்றி ஜனவரியில் எழுதியிருந்தாய். பீரோ மேல்தான் இருக்கிறது.

முழங்காலைக் கவனி.
அண்ணி


ஏப்ரல் 3

அன்பான அண்ணிக்கு,

ஸ்தோத்திரம். நான் நலம். இந்தக் கடிதத்தை நான்கு தடவை தொடங்கிக் கிழித்துவிட்டேன். முதல் மூன்றில் ஜோக் இருந்தது. நான்காவதில் ஆறுதல் இருந்தது. ஆறுதல்தான் இன்னும் அசிங்கமாக இருந்தது.

அதனால் செய்தியை மட்டும் எழுதுகிறேன். தபால்காரர் சைக்கிளிலிருந்து விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டார். பறக்க வேண்டியவர் சைக்கிளில் போனால் இப்படித்தான் ஆகும். அவர் இடத்துக்கு யார் என்று கமிட்டி கூடியது. கல்லறை வாசலில் நின்று ஒரே ஒரு வரி சொல்ல வேண்டும். அன்னம் வைத்த பாவத்துக்குப் பரிகாரம் என்று என்னைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். ஐம்பத்திரண்டு வயதில், முழங்கால் வலியோடு, ஹோட்டலில் கழித்துப்போட்ட ஜன்னல் திரையில் இறக்கை தைத்துக்கொண்டு ஒரு தூதன். வீட்டுக்காரர் அதைப் பார்த்ததிலிருந்து சாப்பாட்டு மேஜையில் தலை நிமிர்வதில்லை. தோள் மட்டும் குலுங்குகிறது.

மறுநாள்தான் உங்கள் கடிதம் வந்தது.

அந்த ஒரு வரி எந்த வரி என்று உங்களுக்குத் தெரியும். நேற்று ஒத்திகையில் சைரன், ஆண்டவரைத் தேடிக் கல்லறைக்கு வரும் மகதலேனா மரியாளாக எதிரே வந்து நின்றாள். எனக்கு வாய் திறக்கவில்லை. எதற்கும் திறக்கும் இந்த வாய், அண்ணி. மறந்துவிட்டேன் என்று நினைத்து ஆளாளுக்கு எடுத்துக் கொடுத்தார்கள். எனக்குக் காதில் விழுந்தது அந்த நர்ஸ் பெண்ணின் குரல்தான்.

நீங்கள் வேண்டாம் என்றால் விலகிவிடுவேன். முழங்காலைக் காரணம் காட்டலாம். இத்தனை வருஷத்தில் அது எனக்குச் செய்யும் முதல் உபகாரமாக இருக்கட்டும். உங்களை அழவைத்த வார்த்தையை ஊரைக் கூட்டிவைத்து நான் சந்தோஷமாகச் சொல்ல முடியாது.

பையைப் பிரியுங்கள் என்று நான் எழுதவில்லை. பிரிக்க வேண்டாம் என்றும் எழுதவில்லை. நீங்கள் கூப்பிட்டால் அடுத்த பஸ்ஸில் வந்து பக்கத்தில் உட்காருவேன். பேசாமல் உட்காருவேன். நம்புங்கள்.

சாப்பிட்டுத் தூங்குங்கள்.
உங்கள் சின்னவள்


ஏப்ரல் 14

என் அன்புள்ள சின்னவளுக்கு,

ஆசீர்வாதம். நான் நன்றாக இருக்கிறேன். இந்தத் தடவை பிரித்து எழுதத் தேவையில்லை, எல்லாமே நன்றாக இருக்கிறது.

நேற்றுக் குருத்து ஞாயிறு. எதிர்வீட்டுப் பிள்ளைகள் குருத்தோலையோடு போனார்கள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறிப் பையை எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேன் என்று கேட்காதே. நீ பேசாமல் உட்காருவேன் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துச் சிரித்துவிட்டேன். வெகுநாளைக்குப் பிறகு சிரித்தேன். அந்தச் சிரிப்பு இருக்கும்போதே எடுத்துவிட்டேன்.

முடிச்சு இறுகிக் கிடந்தது. கடையில் ஃபிரேம் திருகும் சின்னத் திருப்புளியால் நெம்பினேன். சட்டையைக் கசக்கித் திணித்திருந்தார்கள். அவர்களுக்கு அவசரம், பாவம். பல் துலக்கும் பிரஷ், தண்ணீர்க் கோப்பை, செருப்பு. எல்லாவற்றுக்கும் அடியில் நீலத்துண்டு.

அது மடித்திருந்தது.

மேஜை விளக்கின் கீழே வைத்துப் பார்த்தேன், கீறல் இருக்கிறதா என்று லென்ஸைப் பார்ப்பதுபோல. நீளவாக்கில் மூன்று. குறுக்கே இரண்டு. பிசிர் ஓரம் உள்ளே. ஒரு முனை மட்டும் உள்ளே போகாமல், நாக்கை நீட்டியதுபோல வெளியே நிற்கிறது.

ஆஸ்பத்திரியில் யாரோ மடித்திருக்கலாம் என்று நீ சொல்வாய். நானும் சொல்லிப் பார்த்தேன். சட்டையைக் கசக்கித் திணித்த கை துண்டை மட்டும் ஏன் மடிக்க வேண்டும்? அவர்களுக்கு ஏது அந்த ஒரு சாண் அலமாரி? நான் மடித்ததாகவும் இருக்க முடியாது. அது அவர் தலையில் இருந்தபோதுதான் நான் கிளம்பினேன். இன்னொன்றும் இருக்கிறது. மடிப்பு நெடுக கறுப்புப் புள்ளி. பூசணம். ஈரத்தோடு மடித்திருக்கிறார். எங்கள் வீட்டில் ஈரத்தோடு மடிக்கக்கூடிய ஆள் ஒருவர்தான்.

நான் கிளம்பிய பிறகு கண்ணைத் திறந்திருக்கிறார், சின்னவளே. கட்டியிருந்ததை அவரே அவிழ்த்திருக்கிறார். ஈரத்துண்டைக் கட்டில் மேல் போட்டுவிட்டுப் போகக் கூடாது என்று தோன்றியிருக்கிறது. இத்தனை வருஷம் காதில் விழாத மாதிரி இருந்தவர், மூன்றும் இரண்டும் ஓரம் உள்ளேயும் என்று ஒன்றுவிடாமல் கேட்டுத்தான் வைத்திருக்கிறார். நிதானமாக மடித்து வைத்துவிட்டு, அதற்குப் பிறகு போயிருக்கிறார். பயந்தவர் மடிப்பாரா? தேடித் தவித்தவர் மடிப்பாரா? நீதான் எழுதினாய்.

அழுகை வரவில்லை. துண்டின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். விளக்கு வெளிச்சத்தில் அந்த நூலெல்லாம் தனித்தனியாகத் தெரிந்தது. அந்தப் பெரியவர் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாரே, அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

துண்டைப் பிரிக்கவில்லை. பிரித்தால் அவர் மடித்தது போய்விடும்.

நீ அந்த வரியைச் சொல். முழங்காலைக் காரணம் காட்டாதே.

அண்ணி


ஏப்ரல் 20, ஈஸ்டர், மத்தியானம்

கர்த்தருக்குள் அன்பான என் அண்ணிக்கு,

உயிர்த்தெழுந்தவரின் நாமத்தில் ஸ்தோத்திரம். முழங்கால் வலிக்கிறது, மற்றபடி நலம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்திலேயே தெரிந்துவிட்டது. அது நேற்றுத்தான் கைக்கு வந்தது. புதுத் தபால்காரர் கொண்டுவந்தார். படித்ததும் அடுப்பை அணைக்க மறந்து, பாத்திரம் ஒன்று கருகிப்போனது. வீட்டுக்காரரிடம் காட்டினேன். கோழிக்குஞ்சுக் கோபமெல்லாம் விட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இன்று இருட்டு பிரிவதற்குள் மைதானத்துக்குப் போய்விட்டேன். எல்லோருக்கும் முன்னால் தனியாகக் கல்லறைக்குள் நுழைந்து துணியை வைத்தேன். நீளவாக்கில் மூன்று, குறுக்கே இரண்டு, ஓரம் உள்ளே. கச்சிதமாக வந்தது. கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு ஒரு முனையை மட்டும் வெளியே இழுத்துவிட்டேன்.

வெளியே வரும்போது இறக்கை அட்டையில் மாட்டிக் கிழிந்தது. ஒற்றை இறக்கையோடுதான் நின்றேன். மைதானம் நிறையச் சனம். யாரும் சிரிக்கவில்லை, அல்லது இருட்டில் எனக்குத் தெரியவில்லை. சைரன் வந்தாள். வழக்கமாக ஊரை எழுப்பும் குரல், இன்று காற்றுப்போல, “அவரை எங்க வெச்சிருக்காங்க?” என்று கேட்டாள். எனக்கு எதிரே நின்றது அவள் இல்லை, அண்ணி. குளித்துவிட்டு, மாற்றுத்துணிப் பையோடு, அந்த வாசலில் நீங்கள் நிற்கிறீர்கள்.

நான் திரும்பி உள்ளே பார்த்தேன். மதிலைத் தாண்டி அப்போதுதான் வெளிச்சம் வந்தது. ‘இந்தப் பக்கம் மேலே’ என்ற அம்புக்குறியில் பட்டு, அப்படியே இறங்கி, துணியின் அந்த நீட்டிக்கொண்டிருந்த முனையில் வந்து நின்றது. நான் வைத்த துணிதான், நான் இழுத்துவிட்ட முனைதான். ஆனாலும் சத்தியமாகச் சொல்கிறேன், யாரோ இப்போதுதான் வைத்துவிட்டு எழுந்து போனதுபோல இருந்தது. வைத்த கையின் சூடு இன்னும் அதில் இருக்கும்போல.

“அவர் இங்க இல்லம்மா” என்றேன்.

எழுதிக் கொடுத்த வரி அது இல்லை. அந்த ‘அம்மா’ எங்கிருந்து வந்தது என்று எனக்குத்தான் தெரியும். சைரன் அடுத்து அல்லேலூயா தொடங்க வேண்டும். தொடங்கவில்லை. முழங்காலிட்டுவிட்டாள். பாட்டு வெகுநேரம் கழித்துத்தான் வந்தது. அதுவும் சனத்தின் நடுவிலிருந்து யாரோ தொடங்கினார்கள்.

முடிந்ததும் போதகர் கல்லறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “ஒரு முனை வெளிய நிக்குதே, சரி பண்ணிடட்டுமா?” என்று கேட்டார். “அது அப்படித்தான் இருக்கும் ஐயா” என்றேன்.

பூசணக் கறையை எப்படிப் போக்குவது என்று இந்த ஊரிலேயே என்னைவிடத் தெரிந்தவர் இல்லை. உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

இப்போது ஒரு ஜோக் அடிக்க அனுமதி வேண்டும். அனுமதி வர ஒரு வாரம் ஆகும் என்பதால் அடித்துவிடுகிறேன். அண்ணன் சாவுக்குக் கொஞ்சமும் பயப்படவில்லை. கடைசிவரை உங்களுக்குத்தான் பயந்திருக்கிறார்.

ஒற்றை இறக்கைத் தூதன்,
சின்னவள்


ஏப்ரல் 28

அன்புள்ள சின்னவளுக்கு,

ஆசீர்வாதம். சுகம். நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமாக இருக்க வேண்டும். அவருக்கு ஒரு கோழிக்குஞ்சு செய்து வை.

ஈஸ்டர் அன்று இங்கே நானும் போனேன். கடைசி வரிசையில், வாசல் பக்கமாகத்தான் உட்கார்ந்தேன். அந்த இடம் வந்தது. தூதன் வார்த்தையை வாசித்தார்கள். “ஆமா, மடிச்சு வெச்சுட்டுத்தான் போயிருக்கார்” என்றேன். மனசுக்குள் சொல்லிக்கொண்டதாகத்தான் நினைத்தேன். எனக்கு முன்னால் இருந்த வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஆசீர்வாதம் கூறி முடிக்கும்வரை இருந்தேன்.

துண்டு இப்போது பீரோவுக்குள், அவர் சட்டைகளோடு சேராமல், தனியாக ஒரு தட்டில் இருக்கிறது. தினமும் திறந்து பார்க்கிறேன். தினமும் எனக்கு அது புதிதாகத்தான் இருக்கிறது.

உன் ஜோக்குக்கு என் பதில்: ம்.

தபால்தலை ஒட்டித்தான் அனுப்புகிறேன்.

அண்ணி

எழுத விட்டுப்போனது: இன்று காலை குளித்துவிட்டு வந்து என் ஈரத்துண்டைக் கட்டில் மேல் போட்டேன். வேண்டுமென்றேதான். நன்றாகத்தான் இருக்கிறது.